பிரித்தலும் பூட்டலும்

சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே, கரிசல் காட்டின் நடுவே அமைந்துள்ள ஊர் திருவேங்கடம். மழை கண்டால் களியாகிக் காலைப் பற்றிக்கொள்வதும், வெயில் கண்டால் பாளம் பாளமாக வெடிப்பதும் கரிசல் மண்ணின் இயல்பு. அவ்வூரில் ஒரு வீட்டின் பின்புறம், வேப்பமரத்தின் கீழே, பழைய கார் ஒன்று நெடுங்காலமாகக் கிடக்கிறது எனக் கொள்ளலாம். அது பாட்டனார் ஆண்ட கார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயருடையது. சக்கரங்கள் பாதியளவு மண்ணில் புதைந்துவிட்டன. கதவோரங்களைத் துரு அரித்துவிட்டது. பின் இருக்கையில் கோழிகள் அடைகாக்கின்றன. பழைய இரும்பு வாங்குவோர் தெருவில் குரல் கொடுத்துச் செல்லும்போதெல்லாம் அவ்வீட்டாரின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது: இதனை எடைக்குப் போட்டுவிடுவதா, எடுத்துச் சீர்செய்வதா?

எடைக்குப் போட்டால் வேலை ஒரு நாழிகையில் முடிந்துவிடும். கையில் சிறிது பணமும் சேரும். சீர்செய்யப் புகுந்தாலோ, ஓய்வுநாள்கள் எல்லாம் அதற்கே செலவாகும்; ஆண்டுகள் சிலவும் கழியும். செலவிடும் பணத்துக்கு ஓடுகின்ற வேறொரு காரையே வாங்கிவிடலாம் என்று கணக்குச் சொல்வாரும் உளர். அக்கணக்கில் பிழை இல்லை. ஆயினும், அவ்வீட்டுப் பிள்ளை ஒருவன் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு அக்காரின் அருகே அமர்வானாயின், அந்த வேப்பமரத்தடி அவனுக்கு ஒரு பள்ளியாகிவிடும். அத்தகைய பள்ளியில் பயின்று புகழ்பெற்ற ஒருவரைத் தமிழகம் நன்கு அறியும்.

கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பில் அவர் மனம் பற்றவில்லை. தொடக்க வகுப்புகளோடு அது நின்றுபோயிற்று. உழவுத் தொழிலில் ஈடுபட்டிருந்த அவர், ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதைக் கண்டார். இங்கிலாந்து நாட்டு ரட்ஜ் நிறுவனத்தார் செய்த வண்டி அது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை. எனினும் வண்டி ஓடுகிறது! எது அதனை ஓட்டுகிறது என்னும் வினா அவர் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது. அதற்கு விடை காண வேண்டுமாயின் அத்தகைய வண்டி ஒன்று தம் கைக்கு வரவேண்டும் என்று அவர் துணிந்தார். கோயம்புத்தூருக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் பணியாளராய் அமர்ந்தார். கிடைத்த ஊதியத்தைச் செலவிடாமல் பல காலம் சேர்த்தார். அந்தப் பணத்தைக் கொடுத்து மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கிய பின் அவர் செய்ததுதான் வியப்புக்குரியது. வண்டியைக் கழற்றினார், ஒவ்வோர் உறுப்பாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். சற்று நின்று எண்ணிப் பார்த்தால் அச்செயலின் துணிவு புலப்படும். பல காலம் உழைத்துச் சேர்த்த பொருள் முழுவதும் அவர்முன் துண்டு துண்டாகத் தரையில் கிடக்கிறது. ஓர் உறுப்பு இடம் மாறினாலும், ஒரு மரை தேய்ந்தாலும் அவ்வளவு உழைப்பும் வீணாகும். பிரித்தவரே பூட்டியாக வேண்டும். பூட்டத் தெரியாவிட்டால் இழப்பு அவருடையதே. அந்த நெருக்கடியே அவருக்கு ஆசிரியராய் அமைந்தது. இயந்திரத்தின் உள்ளமைப்பை அவர் கற்றுக்கொண்டார்.

அக்கல்வி பின்னர்க் கிளைத்துத் தழைத்தது. 1920-ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கினார். அது பின்னாளில் பெரியதொரு போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் உருவாக்கினார். 1945-இல் கோயம்புத்தூரில் அவர் முயற்சியால் பொறியியல் கல்லூரி ஒன்று தோன்றியது. 1952-இல் இருவர் அமரும் சிறு கார் ஒன்றை உருவாக்கி, 2,000 ரூபாய் விலையில் விற்கலாம் என்றார். உரிமம் கிடைக்காமையால் அக்கார் தெருவுக்கு வரவில்லை. 1974-இல் அவர் மறைந்தார். இத்தனைக்கும் வித்து, மண் தரையில் பிரித்துப் பூட்டப்பட்ட ஒரு மோட்டார் சைக்கிளே ஆகும்.

மீண்டும் திருவேங்கடத்து வேப்பமரத்தடிக்கு வரலாம். அங்கே கிடக்கும் ஹெரால்டு கார், பிரித்துப் பயில்வார்க்கென்றே செய்தது போன்ற அமைப்புடையது. இத்தாலிய வடிவமைப்பாளர் மைக்கலாட்டி வரைந்த வடிவில் 1959-இல் இங்கிலாந்தில் அது வெளிவந்தது. 1961 முதல் சென்னையிலும் செய்யப்பட்டது. இக்காலக் கார்களில் உடலும் அடிச்சட்டமும் பற்றவைத்து ஒன்றாக்கப்பட்டிருக்கும். ஹெரால்டு அத்தகையது அன்று. கீழே தனியாக ஓர் அடிச்சட்டம். அதன்மேல் உடலின் பகுதிகள் நட்டும் போல்ட்டும் கொண்டு இணைக்கப்பட்டவை. உறுப்புகளாகப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றிப் பிற நாடுகளில் பூட்டிக்கொள்வதற்கு அவ்வமைப்பு ஏற்றதாய் இருந்தது. அதன் முன்மூடி, சக்கர மறைப்புகளோடு சேர்ந்து ஒரே பகுதியாக முன்புறம் கவிழ்ந்து திறக்கும். அவ்வாறு திறந்தால் எஞ்சினும் முன் சக்கரங்களும் முழுதும் வெளிப்பட்டுவிடும். அருகே ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்து வேலை செய்யலாம்.

வேலை தொடங்குமுன் பகைவனை அறிந்துகொள்ள வேண்டும். பழைய காரின் பகைவன் துரு. இரும்பும், காற்றிலுள்ள பிராணவாயுவும், நீரும் ஒன்றுகூடும்போது துரு தோன்றுகிறது. நீரோ ஈரமோ இன்றி உலர்ந்த காற்று மட்டும் இருப்பின் இரும்பு எளிதில் துருப்பிடிப்பதில்லை. உப்புக் கலந்த ஈரம் அதனை விரைவுபடுத்தும். ஆதலின், உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடிக் கடற்கரையில் நிற்கும் காரைவிடத் திருவேங்கடத்தில் நிற்கும் கார் நெடுநாள் தாங்கும். ஆனால் கரிசல் மண் ஈரத்தை எளிதில் விடுவதன்று. எனவே மேற்பகுதி நலமாய் இருக்க, மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிச்சட்டம் மறைவாக அரிக்கப்பட்டிருக்கும்.

துருவுக்கு இன்னொரு தீய இயல்பும் உண்டு. செம்பின்மீதும் அலுமினியத்தின்மீதும் படரும் படலம் உள்ளிருக்கும் உலோகத்தை ஓரளவு காக்கும். இரும்பின் துருவோ பொருக்குப் பொருக்காய் உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு காற்றுக்கு இரையாகும். மேலும், துரு தான் தோன்றிய இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைப்பது. அதனால்தான் வண்ணப்பூச்சு கொப்புளம்போல் மேலெழும்புகிறது. போல்ட்டும் நட்டும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. கொப்புளம் சிறிதாயிருப்பினும் அதன் அடியில் ஓட்டை பெரிதாயிருத்தல் கூடும். தேர்ந்த கைவினைஞர் சிறு சுத்தியலால் தகட்டைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இரும்பு பொத்தென்று ஒலிக்கும். பானை வாங்குவோர் தட்டிப் பார்ப்பதும் இம்முறையே அன்றோ?

அடுத்து, கழற்றும் வேலை. துருவேறிய நட்டோடு வலிமையைக் காட்டினால் போல்ட்டின் தலை முறிந்துவிடும். ஒரு நிமிட வேலை ஒரு நாள் வேலையாகும். ஆகவே, கம்பித் தூரிகையால் மேற்பொருக்கைத் தேய்த்தகற்றி, மெல்லிய எண்ணெயை இடுக்கில் விட்டு, ஓர் இரவு ஊறவிட வேண்டும். இளைஞன் பொறுமையிழந்து நெம்பத் தொடங்கும்போது, அருகிலிருக்கும் முதிய மெக்கானிக், “வலிக்காதே தம்பி, ஊறட்டும், நாளைக்குப் பார்க்கலாம்” என்பார். அவ்வொரு சொல்லில் அவர் ஐம்பது ஆண்டுப் பட்டறிவு அடங்கியிருக்கிறது. மறுநாள் அதே நட்டு, சிறு தட்டுக்குப் பணிந்து சுழல்வதைக் காணும் இளைஞன், பணியிற் பொறுமையும் ஒரு கருவியே என்பதை உணர்கிறான்.

கழற்றிய உறுப்புகளை வைக்கும் முறை கழற்றும் முறையினும் முதன்மையானது. திருவேங்கடத்தைச் சூழ்ந்த வட்டாரம் தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்போனது. அங்கே வெற்றுத் தீப்பெட்டிகளுக்குப் பஞ்சம் இல்லை. ஒவ்வோர் இடத்துத் திருகாணிகளையும் ஒவ்வொரு பெட்டியிலிட்டு, ‘இடக்கதவு, மேற்கீல்’ என்பதுபோல் மேலே எழுதி ஒட்டலாம். அண்ணன் கழற்ற, தங்கை ஏட்டில் வரிசை எண்ணிட்டு எழுதி, உறுப்பு இருந்த நிலையைக் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்வாளாயின், அந்த ஏடு எத்தனையோ பொன்னுக்கு ஈடாகும்.

அவ்வாறு எழுதிவைப்பதன் அருமையை விளக்க இங்கிலாந்து நாட்டுச் செய்தி ஒன்று உண்டு. 1948-ஆம் ஆண்டு இலண்டனில் காலின் சாப்மன் என்னும் இருபது வயதுப் பொறியியல் மாணவர், தமக்குப் பின்னாளில் மனைவியாக வந்த பெண்ணின் பெற்றோர் வீட்டுப் பின்புறக் கொட்டகையில், ஆஸ்டின் செவன் என்னும் பழைய காரைக் கொண்டு புதியதொரு பந்தயக் காரை அமைத்தார். லோட்டஸ் என்னும் புகழ்பெற்ற கார் நிறுவனம் அவ்வாறே தோன்றியது. 1957-இல் அந்நிறுவனம் வெளியிட்ட லோட்டஸ் செவன் என்னும் சிறு காரை, முழுக் காராகவும் வாங்கலாம். உறுப்புகளாகப் பெற்று வீட்டிலேயே பூட்டியும் கொள்ளலாம். உறுப்புகளாக வாங்குவோர்க்கு அந்நாட்டுக் கொள்முதல் வரி இல்லை. ஆனால், பூட்டும் முறையை விளக்கும் குறிப்பேட்டை உடன் தரக்கூடாது என்று வரிவிதி கூறியது. கழற்றும் முறையைப் பற்றி அவ்விதி ஒன்றும் கூறவில்லை. ஆகவே, காரைக் கழற்றுவது எப்படி என்று விளக்கும் குறிப்பேட்டைத் தந்தார்கள்! வாங்கியோர் அதனைக் கடைசி வரியிலிருந்து முதல் வரி நோக்கிப் படித்துக் காரைப் பூட்டினார்கள். 1973-இல் வரிமுறை மாறியதும் அச்சலுகை நீங்கியது. கழற்றும் வரிசையை நன்கு அறிந்தவன் பூட்டும் வரிசையையும் அறிந்தவனே என்னும் உண்மை மட்டும் மாறவில்லை. தங்கையின் ஏடும் அத்தகைய குறிப்பேடே.

உறுப்புகள் பிரிந்தபின் துருவை நீக்க வேண்டும். பெரிய தகடுகளைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்ப்பர். சிறு உறுப்புகளுக்கு அமிலம் உதவும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கும் தாய்மார், புளியிலுள்ள டார்டாரிக் அமிலத்தின் வேலையையே நாள்தோறும் காண்கின்றனர். அது துருவையும் மெல்லக் கரைக்கும். கடைகளில் விற்கும் துருநீக்கிகள் பலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் உள்ளது. அது துருவை இரும்புப் பாஸ்பேட்டு என்னும் உறுதியான படலமாக மாற்றிவிடும். அமிலத்தைக் கையாளும்போது கையுறையும் கண்காப்பும் இன்றியமையாதன. பெரியோர் துணையின்றிச் செய்யலாகாது. வேலை முடிந்ததும் உறுப்பைக் கழுவி, ஈரமின்றித் துடைத்து, காலந் தாழ்த்தாமல் ரெட் ஆக்சைடு போன்ற அடிப்பூச்சைப் பூச வேண்டும். ‘நாளைக்குப் பூசலாம்’ என்று விட்டால், ஒரே இரவில் செந்நிறப் பொடி மறுபடியும் படர்ந்திருக்கக் காணலாம்.

எல்லா வேலையையும் ஒருவனே செய்துவிட இயலாது. ஓட்டையான அடிச்சட்டத்தை வெட்டியெடுத்துப் புதுத்தகடு பற்றவைக்க வெல்டிங் தொழிலாளி வேண்டும். நெளிந்த கதவை நிமிர்த்த டிங்கர் வேண்டும். பட்டி வைத்துத் தேய்த்து வண்ணம் பூசப் பெயிண்டர் வேண்டும். தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்த லேத்துப் பட்டறைக்குச் செல்ல வேண்டும். ஹெரால்டு செய்த சென்னை நிறுவனம் மூடப்பட்டு நெடுங்காலம் ஆகிவிட்டமையால், கிடைக்காத உறுப்பைக் கடைந்தெடுத்துத் தருபவரும் அப்பட்டறைக்காரரே. இவர்களுள் பலர் பட்டம் பெறாதவர். எனினும் இரும்பின் மனத்தை அறிந்தவர். அவர்களோடு பழகும் இளைஞன், எண்ணெய்க் கறை படிந்த கைக்கு உரிய மதிப்பைக் கற்றுக்கொள்கிறான்.

சில செய்திகளில் சிக்கனம் கூடாது. பிரேக்குக் குழாய்களும் ரப்பர் உறுப்புகளும் பார்வைக்கு நன்றாயிருப்பினும் புதியனவே போட வேண்டும். ஓடாத காரினால் ஒருவர்க்கும் தீங்கில்லை, நிற்காத காரினால் உயிர்க்கே தீங்கு. ஜாக்கி ஒன்றையே நம்பிக் காரின் அடியில் படுக்கலாகாது. உறுதியான தாங்கிகளை அண்டக் கொடுத்த பிறகே உள்ளே செல்ல வேண்டும். தொட்டியிற் கிடந்த பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். அதனை முழுதும் நீக்கித் தொட்டியைத் தூய்மை செய்ய வேண்டும். பிஸ்டன் இறுகிய எஞ்சினைச் சுழற்ற முயலுமுன், ஸ்பார்க் பிளக்குத் துளைகளின் வழியே எண்ணெய் விட்டுப் பல நாள் காத்திருத்தல் வேண்டும்.

இவை யாவும் அறிந்தவராலும் கைவிடப்பட்ட கார்கள் பல. கழற்றும் நாளில் ஊரே கூடி நிற்கும்; ஒவ்வோர் உறுப்பும் வெளிவரும்போது உள்ளம் துள்ளும். பிறகு மழைக்காலம் வரும், தேர்வு வரும், பணமுடை வரும். காரைப் பார்க்க வந்த நண்பர்கள் வரமாட்டார்கள். உறுப்புகள் சாக்கு மூட்டைக்குள் புகும். மூட்டை பரணில் ஏறும். ஒருநாள் இரும்புக் கடைக்காரர் காரை எடுத்துச் செல்வார். அப்போது அது முன்னிருந்த நிலையினும் இழிந்த நிலையில், உறுப்புக் குறையோடு செல்லும். பிரிப்பதற்கு ஆர்வம் போதும். பூட்டுவதற்கோ நிலைத்த மனம் வேண்டும். இந்த இடத்திலேதான் இளைஞன் உண்மையாகவே சோதிக்கப்படுகிறான். முழுக் காரையும் நினைத்து மலைக்காமல், ‘இவ்வாரம் இடக்கதவின் பூட்டு, அடுத்த வாரம் கண்ணாடிச் சுழற்றி’ என்று சிறிது சிறிதாக முடித்துச் செல்பவனே கரை சேர்கிறான். கலங்கல் ஊரின் இளைஞரும் கடைசித் திருகாணிவரை நின்றமையாலன்றோ கற்றவரானார்? பிரித்ததோடு விட்டிருப்பின், வண்டியைக் கெடுத்தவர் என்னும் பெயர் ஒன்றே அவர்க்கு மிஞ்சியிருக்கும்.

பழமையைக் காப்பதற்கு இந்நாட்டுச் சட்டமும் இடம் தருகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், ஒரு வண்டியை அதன் மூல அமைப்பிலிருந்து விருப்பம்போல் மாற்றுவதைத் தடை செய்கிறது. ஆயினும், ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல அமைப்பு மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகள் எனத் தனியே பதிவு செய்ய 2021-இல் நடுவண் அரசு விதி வகுத்தது. அவ்வண்டிகள் தங்கள் எண்பலகையில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகளைத் தாங்கும். கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குச் செல்லலாம், அன்றாடப் போக்குவரத்துக்கு ஆகா. ஆதலின் காரைச் சீர்செய்வோர் புதுமை சேர்க்கும் ஆசையால் அதன் பழைய முகத்தை அழித்துவிடலாகாது. பாட்டனாரின் கை பட்டுத் தேய்ந்த ஸ்டியரிங் வளையத்தைத் துடைத்துப் போற்றினாலே போதும். அத்தேய்வு பழுதன்று, வரலாறு.

ஒரு மாலைப் பொழுதில், வேப்பமரத்தடியில், பல ஆண்டு மௌனம் கலைந்து அந்த எஞ்சின் முதலில் இருமும், பிறகு புகைவிடும், பிறகு சீராக ஒலிக்கும். கோழிகள் சிதறி ஓடும். திண்ணையிலிருக்கும் பாட்டி அவ்வொலியைக் கேட்டதும் எழுந்து வருவார். அவ்வொலியை அவர் முன்பே அறிவார். அன்று தெருவில் பழைய இரும்பு வாங்குவோர் குரல் எழுந்தாலும் அவ்வீட்டில் எவர் காதிலும் விழாது.

இரும்பைத் துரு அரிப்பதுபோல் மனிதனின் கைத்திறனையும் சோம்பல் அரிக்கும். பயன்படுத்தாத கையும் இறுகிப்போகும். பழகப் பழக அதன் பூட்டு நெகிழும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், எடுத்த வேலையைக் கடைசித் திருகாணிவரை முடித்த கை துருப்பிடிப்பதில்லை.